காலிக் கோட்டையும் அதனுள் தங்குதலும்

இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பழைய துறைமுக நகரம் காலி. தென் மாகாணத்தின் தலைநகரமும் இதுவே. கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையில் ஒல்லாந்தர் கட்டி முடித்த மதில்சூழ் நகரம் காலிக் கோட்டை எனப்படுகிறது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. பல நாடுகளில் கோட்டை என்றால் காலையில் திறந்து மாலையில் மூடும் காட்சியிடம். காலிக் கோட்டையோ இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர். இதனுள் வீடுகள், பள்ளிக்கூடங்கள், வழிபாட்டிடங்கள், அலுவலகங்கள், கடைகள் யாவும் உள்ளன. ஆகவே இங்கு இரவு தங்குபவர் ஒரு வரலாற்றுச் சின்னத்தின் அருகில் தங்குவதில்லை. சின்னத்துக்கு உள்ளேயே, அதில் வாழும் மக்களுக்கு நடுவே தங்குகிறார். இந்த ஊரின் சிறப்பும் சிக்கலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

அமைவிடம்

கொழும்பிலிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் காலி உள்ளது. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் கரையோரத் தொடருந்து, பாதையின் பெரும்பகுதியைக் கடலை ஒட்டியே கடந்து, இரண்டரை மணி நேர அளவில் காலியை அடைகிறது. காலிவரையான தொடருந்துப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகப் பேருந்திலும் வரலாம். தொடருந்து நிலையமும் பேருந்து நிலையமும் கோட்டைக்கு வெளியே, நடந்து செல்லும் தூரத்தில் அருகருகே உள்ளன. அங்கிருந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானமும், அதற்குப் பின்னால் எழும் கருத்த மதிலும் தெரியும். மதிலைக் கடந்ததும் புதிய நகரின் இரைச்சல் சட்டெனக் குறைந்து, ஒடுங்கிய தெருக்கள் தொடங்குகின்றன.

துறைமுகத்தின் வரலாறு

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே காலி வணிகர்கள் அறிந்த துறையாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த அரபுப் பயணி இபின் பதூதா, காலி என்ற இந்த ஊரைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய சான்று ஒன்றும் இங்கே கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டுக்குரிய இக்கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, அவரவர்க்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. அக்காலத்து இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழும் ஒரு பொதுமொழியாக இருந்ததை இக்கல் காட்டுகிறது. 1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய கல்லாக இது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1588இல் காலியில் ஒரு சிறு கோட்டையை எழுப்பினர். 1640 மார்ச் மாதம், கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்பாடு செய்துகொண்ட ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அடுத்த பல ஆண்டுகளில் நிலமுனை முழுவதையும் மதிலால் சூழ்ந்து, உள்ளே திட்டமிட்ட நகரம் ஒன்றை அமைத்தனர். கறுவா வணிகத்தில் இத்துறைமுகத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. 1796இல் காலி பிரித்தானியர் கைக்கு மாறியது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் காலியில் தங்கிச் சென்றன. ஆனால் துறைமுகத்தின் வாயிலில் பாறைகள் மிகுதி. பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்களுக்குப் போதிய காப்பும் இல்லை. 1875இல் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவர் கட்டும் பணி தொடங்கியது. அது முடிந்ததும் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. காலியின் வணிகம் சுருங்கியது. இந்தச் சரிவு ஊருக்கு இழப்பாயினும் கோட்டைக்கு ஒரு வகையில் காப்பாயிற்று. பணம் புழங்கிய துறைமுகங்களில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுந்தன. காலியில் இடித்துக் கட்டும் தேவை எழவில்லை. ஆகவே ஒல்லாந்தர் காலத்துத் தெருக்களும் வீடுகளும் பெருமளவில் அப்படியே நின்றன.

மதில்களும் கொத்தளங்களும்

கோட்டை சுமார் 52 ஹெக்டேர் பரப்புடையது. மூன்று பக்கமும் கடல். வடக்கில் மட்டும் நிலம். தாக்குதல் நிலவழியே வரக்கூடும் என்பதால் வடபக்க மதிலே மிக உயரமும் தடிப்பும் கொண்டது. அதில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்ற பெயர்களில் மூன்று பெரிய கொத்தளங்கள் உள்ளன. கொத்தளம் என்பது மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடை. அதிலிருந்து மதிலின் இரு பக்கங்களையும் கண்காணித்துச் சுட முடியும். கிழக்கே துறைமுகத்தை நோக்கி நிற்கும் கறுப்புக் கொத்தளம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து எஞ்சியது எனக் கருதப்படுகிறது.

மதிலைக் கட்டக் கருங்கல்லுடன் பவளப்பாறைக் கல்லும் பயன்பட்டது. கட்டட முறை ஐரோப்பியருடையது. கல்லும் சுண்ணாம்பும் உழைப்பும் இந்நாட்டுடையவை. அளவுகள்கூட உள்ளூர் அளவு முறையைத் தழுவியவை என்று யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. ஐரோப்பியக் கட்டடக்கலை தென்னாசியச் சூழலோடு கலந்ததற்கு எடுத்துக்காட்டு என்பதே உலக பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றதற்கான காரணம்.

தரைக்கு அடியில் ஒல்லாந்தர் அமைத்த வடிகால்களும் குறிப்பிடத்தக்கவை. கடல் நீர் ஏற்றத்தின்போது வடிகாலுக்குள் புகும். வற்றத்தின்போது கழிவை இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆளின்றி, எரிபொருளின்றி நகரைத் தூய்மை செய்யும் முறை இது.

மதிலின்மேல் ஏறி ஊரைச் சுற்றி வரலாம், கட்டணம் இல்லை. நின்று நின்று நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம். டெஸ்ட் போட்டி நடக்கும் நாட்களில் உள்ளூர் மக்கள் மதிலில் நின்றே மைதானத்து ஆட்டத்தைப் பார்ப்பது வழக்கம்.

கோட்டைக்குள் காண வேண்டியவை

கோட்டைக்கு இரண்டு வாயில்கள். இன்று பெரும்பாலோர் நுழையும் வடக்கு வாயில், பிரித்தானியர் 1873இல் மதிலை வெட்டித் திறந்தது. கிழக்கில் உள்ள சிறிய வாயிலே பழையது. அதன் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரசச் சின்னம். உட்புறத்தில் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும். ஆட்சி மாறியதை ஒரே கதவு நிலையின் இரு முகங்களில் காணலாம்.

பழைய வாயிலை ஒட்டிய நீண்ட கட்டடம் கம்பனியின் பண்டகசாலை. இப்போது அது கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் கப்பல் முதலியவற்றிலிருந்து எடுத்த பொருள்கள் பற்றி இங்கு அறியலாம்.

சர்ச் வீதியில் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் பழைய ஆலயம் உள்ளது. இன்றைய கட்டடம் 1755ஆம் ஆண்டுக்குரியது. அதன் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் கடல் கடந்து வந்து இங்கேயே மாண்டவர்களின் பெயர்களைப் படிக்கலாம். சற்றுத் தள்ளி 1871இல் திருநிலைப்படுத்தப்பட்ட அனைத்துப் புனிதர் ஆங்கிலிக்கன் ஆலயம் உள்ளது. தெற்கே கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இதன் முகப்பு ஒரு தேவாலயத்தின் முகப்பைப் போலவே தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த சுதர்மாலய பௌத்த விகாரையும் மதிலுக்குள்ளேயே இருக்கிறது.

இலங்கையின் முதல் கலங்கரை விளக்கம் 1848இல் காலியில் எழுந்தது. அது தீயில் அழிந்தபின், தென்கிழக்கு மூலையில் 1939இல் இன்றைய வெள்ளைக் கோபுரம் கட்டப்பட்டது.

தெருப் பெயர்களும் ஒரு வரலாற்று ஏடு போன்றவை. லெய்ன் பான் வீதி என்பதன் ஒல்லாந்தப் பொருள் கயிறு திரிக்கும் தடம். கப்பல்களுக்கான கயிறு அங்கே திரிக்கப்பட்டது. பெட்லர் வீதி என்றால் கூவி விற்கும் வணிகர் தெரு. ஒல்லாந்தர் காலத்தில் அது சோனக வணிகர்களின் பெயரால் வழங்கியது. அந்த வணிகர்களின் வழித்தோன்றல்களான முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் கோட்டைக்குள் வாழ்கின்றன. இலங்கைச் சோனகரின் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். தெற்கில் வாழ்வோர் சிங்களமும் சரளமாகப் பேசுவர். எனவே தமிழ்ப் பயணி ஒருவர் இத்தெருக்களில் எதிர்பாராமல் தம் மொழியைக் கேட்க நேரும்.

கோட்டை வீட்டின் அமைப்பு

தங்குமிடத்தைத் தெரிவு செய்யும்முன் கோட்டை வீடு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது பயன் தரும். வீடுகள் தெருவை ஒட்டி, ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து நிற்கின்றன. முகப்பில் தூண்கள் தாங்கும் விறாந்தை. வெயிலையும் மழைச்சாரலையும் அது தடுத்து, தெருவில் போவோருடன் பேச இடமும் தருகிறது. உள்ளே நீண்ட கூடம். அதன் நடுவிலோ பின்னாலோ வானம் பார்த்த முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முற்றத்துச் சூடான காற்று மேலெழ, தெருப்பக்கக் கதவு வழியே கடற்காற்று உள்ளே வரும். உயரமான ஓட்டுக் கூரை வெப்பத்தைத் தலைக்கு மேலேயே நிறுத்தும்.

சுவர்கள் பவளக்கல்லாலும் செம்புறைக்கல்லாலும் கட்டி, சுண்ணாம்பு பூசப்பட்டவை. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியேயும் விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் சுவருக்குள் சிக்கி, உப்புப் பூத்து, கல்லே பொடியத் தொடங்கும். ஆகவே பழைய வீட்டைப் பழைய முறையிலேயே பழுதுபார்க்க வேண்டும். அதற்கான கைவினைஞர் குறைவு, செலவு அதிகம். கோட்டைக்குள் கட்டடத்தின் தோற்றத்தை மாற்றவோ இடித்துக் கட்டவோ தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த காலி பாரம்பரிய மன்றம் கோட்டையின் பாதுகாப்புப் பணிகளை ஒருங்கிணைக்கிறது.

தங்குமிட வகைகள்

கோட்டைக்குள் தங்குமிடங்கள் மூன்று வகை. முதலாவது, பெரிய ஒல்லாந்தக் கட்டடங்களில் இயங்கும் உயர்தர விடுதிகள். இவற்றில் மூத்தது நியூ ஓரியண்டல் ஹோட்டல் என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் பயணிகளுக்காகத் தொடங்கியது. அதன் கட்டடம் 1684ஆம் ஆண்டுக்குரியது. இன்று அமன்கல்ல என்ற பெயரில் இயங்குகிறது. இத்தகைய இடங்களின் வாடகை சாதாரணப் பயணிக்கு எட்டாதது.

இரண்டாவது, பழைய வீடு ஒன்றை முழுவதுமாக விடுதியாக மாற்றிய சிறு தங்குமிடங்கள். அறைகள் பத்துக்கும் குறைவாக இருப்பது வழக்கம். உரிமையாளர் கோட்டைக்கு வெளியேயும், சில வேளை நாட்டுக்கு வெளியேயும் வசிக்கலாம்.

மூன்றாவது, குடும்பம் வாழும் வீட்டிலேயே ஓரிரு அறைகளை விருந்தினருக்கு விடும் இல்லத் தங்குமிடம். இங்கு வசதிகள் குறைவாக இருக்கலாம். ஆனால் இடியப்பமோ ரொட்டியோ சம்பலுடன் வீட்டுக் காலை உணவு கிடைக்கும். ஊரின் கதை சொல்ல ஆளும் இருக்கும்.

கோட்டைக்கு வெளியே புதிய நகரிலும், கிழக்கே சில கி.மீ. தொலைவிலுள்ள உனவட்டுன கடற்கரையிலும் தங்கி, முச்சக்கர வண்டியிலோ பேருந்திலோ கோட்டைக்கு வந்து போகலாம். கடலில் குளிக்க விரும்புவோருக்கும், குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்கும் அது ஏற்றது. கோட்டைக்குள் தங்குவோருக்குக் கிடைப்பது அதிகாலையும் இரவும். பகல்நேரப் பயணிகளின் வாகனங்கள் மாலையில் திரும்பிவிடும். பின்னர் மதிலில் ஊர்க் குடும்பங்கள் காற்று வாங்க உலாவுவர். காலையில் வெண்சீருடை அணிந்த மாணவர்கள் பள்ளிக்குப் போவதையும், வீட்டு வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதையும் காணலாம். கோட்டை ஓர் ஊர் என்பது அந்நேரங்களிலேயே தெளிவாகத் தெரிகிறது.

ஆழிப்பேரலையும் மதிலும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காலியைத் தாக்கியது. கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையம், கிரிக்கெட் மைதானம், சந்தைப் பகுதி ஆகியவை பேரழிவுக்கு உள்ளாயின, பலர் உயிரிழந்தனர். பண்டகசாலையில் இருந்த அருங்காட்சியகமும் சேதமடைந்தது. ஆனால் கோட்டையின் உட்பகுதி பெருமளவு தப்பியது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காக எழுந்த மதில், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அலையைத் தாங்கி உள்ளே இருந்த மக்களைக் காத்தது. பாரம்பரியச் சின்னத்தைப் பேணுவது அழகுக்காக மட்டும் செய்யப்படும் வேலை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

விடுதிகளாகும் வீடுகள்

1990களின் இறுதியிலிருந்து கோட்டை வீடுகளை வாங்க வெளியூராரும் வெளிநாட்டவரும் ஆர்வம் காட்டினர். வீட்டு விலை உயர்ந்தது. பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியே குடியேறின. இதற்கான காரணங்கள் எளியவை. பழைய வீட்டைப் பராமரிக்கும் செலவு பெரிது. ஒரு வீடு பல பிள்ளைகளுக்குப் பங்காகும்போது, விற்றுப் பணத்தைப் பிரிப்பதே எளிய வழியாகிறது. விற்றவர்களைக் குறைகூற முடியாது.

இம்மாற்றத்தால் நன்மையும் விளைந்தது. இடிந்து விழும் நிலையிலிருந்த வீடுகள் செப்பனிடப்பட்டன. இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அறை வாடகை கிடைப்பதால் சில குடும்பங்கள் தம் மூதாதையர் வீட்டை விற்காமல் வைத்திருக்கவும் முடிகிறது. மறுபுறம், குடியிருப்போர் குறையும்போது மளிகைக் கடையின் இடத்தில் நகைக்கடையும் நினைவுப்பொருள் கடையும் வருகின்றன. பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் வருவோர் குறைகின்றனர். சுவர்கள் காக்கப்பட்டும் ஊர் கரைந்து போகலாம்.

சுற்றுலாவை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020இல் தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்து விடுதிகளை வெறிச்சோட வைத்தன. வேறு தொழிலும் நிலையான குடிமக்களும் உள்ள ஊர் அத்தகைய காலத்தைத் தாங்கும். விடுதிகள் மட்டும் உள்ள ஊருக்கு அது கடினம்.

தங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மழையும் அலையும் மிகும். அக்காலத்தில் வாடகை குறைவதுண்டு.

2. அறை பதிவு செய்யும்முன், வீட்டில் குடும்பம் வசிக்கிறதா, வளிபதனம் உள்ளதா, அறை தெருப்பக்கமா முற்றப்பக்கமா எனக் கேட்டறியலாம். பழைய வீடுகளில் செங்குத்தான மரப்படிகள் இருக்கலாம். முதியோருடன் செல்வோர் தரைத்தள அறையைக் கேட்பது நல்லது.

3. முஸ்லிம் குடும்ப வீடுகளில் மது அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். போயா எனப்படும் முழுநிலா நாட்களில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கக்கூடும். அதிகாலைத் தொழுகை அழைப்பு கேட்கும். அது ஊரின் இயல்பான ஒலி.

4. ஆலயம், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றுக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடையுடன் செல்ல வேண்டும். தொழுகை, ஆராதனை நேரங்களில் படம் எடுக்கக் கூடாது. விறாந்தையில் அமர்ந்திருப்போரை அவர்கள் இசைவு பெற்றே படம் எடுக்க வேண்டும். அது அவர்கள் வீட்டின் உட்பகுதி போன்றது.

5. மதிலின் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. சிறுவர்களுடன் செல்வோர் விளிம்பை விட்டு விலகியே நடக்க வேண்டும். கொத்தளத்திலிருந்து பாறைகளுக்கு இடையே கடலில் குதித்துக் காட்ட இளைஞர்கள் பணம் கேட்பதுண்டு. உயிருக்கு ஆபத்தான இதைப் பணம் கொடுத்து ஊக்குவிக்கக் கூடாது.

6. மதில் கற்களில் பெயர் எழுதுவதும் பவளக்கல்லைப் பெயர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

7. உணவையும் சிறு பொருள்களையும் ஊராரின் கடைகளில் வாங்கினால், செலவிடும் பணம் கோட்டைக் குடும்பங்களுக்கே சேரும்.

முடிவாக

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் காலியை விட்டுச் சென்றுவிட்டனர். அவர்கள் கட்டியவற்றை இன்றுவரை காத்தவர்கள், அவற்றுள் குடியிருந்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி வந்த சாதாரண மக்கள். ஒருவர் அங்கே எந்த வீட்டில் தங்குகிறார், எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது அந்தக் குடும்பங்கள் தொடர்ந்து அங்கே வாழ்வதற்குச் சிறு உதவியாகவோ சிறு தடையாகவோ அமைகிறது. இதை அறிந்து தங்குபவர், சில நாட்களுக்கேனும், அக்கோட்டையைக் காப்பவர்களில் ஒருவராகிறார்.